ஹைமாவதியின் போர்டிங் பாஸ்

ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுத்தான் சூரிபாபு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

ஷம்ஷாபாத் விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பெனியின் கவுண்டரில் அவனுக்கு வேலை. பயணிகளுக்கு போர்டிங் பாஸ் அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் ஒரு சலுகை உண்டு. சீட் காலியாக இருந்தால் பெண்டாட்டி இலவசமாகப் பறக்கலாம். காலியா இல்லையா என்று சொல்ல வேண்டியது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்ன சொன்னது என்று சொல்ல வேண்டியது சூரிபாபு. அங்கேதான் ஹைமாவதி மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு அம்மா வீடு விசாகப்பட்டினம்.

"ஏங்க, ஒரு பத்து நாள் அம்மாகிட்ட இருந்துட்டு வரேனே. சீட் இருக்கான்னு பாருங்களேன்."

"பார்த்தேன் ஹைமா. கம்ப்யூட்டர் படுத்துருச்சு."

"போன மாசமும் படுத்துச்சே?"

"அது போன மாசத்து வியாதி. இது புதுசு."

"அப்ப நான் ரயில்ல போறேன்."

"விமானக் கம்பெனிக்காரன் பெண்டாட்டி ரயில்ல போனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"பறக்கவும் விடாம, நகரவும் விடாம வெச்சிருக்கான்னு சொல்லுவாங்க."

இப்படியே சங்கராந்திக்கு இரண்டு நாள், தசராவுக்கு இரண்டு நாள், அதுவும் அவனோடு போய் அவனோடு திரும்புவது என்று காலம் ஓடிவிட்டது.

உண்மை என்னவென்றால், அவள் இல்லாத வீட்டில் சூரிபாபுவுக்கு இருப்புக் கொள்ளாது. கல்யாணமான புதிதில் அவள் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் பார்க்கும் சீரியலைப் போட்டுவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து அழாத குறையாகச் சாப்பிட்டவன் அவன். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்வது சுலபமாக இருந்தது.

அந்த ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டர் நிஜமாகவே படுத்தது. எங்கேயோ கடலுக்கு அப்பால் யாரோ ஒரு புண்ணியவான் எதையோ மாற்றப்போக, இங்கே கவுண்டருக்குக் கவுண்டர் திரை நீலமாகிவிட்டது. அறிவிப்புப் பலகைகள் எல்லாம் இருட்டு. வரிசை வாசலைத் தாண்டி வெளியே போனது. காலை ஆறு மணிக்குப் போக வேண்டிய டெல்லி ஆட்கள் பதினொரு மணிக்கும் கத்திக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி இம்தியாஸ் பாய் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து சூரிபாபு முன்னால் போட்டார்.

"கையால எழுது சூரி. பேர், சீட்டு, கேட் நம்பர். அவ்வளவுதான்."

"பாய், நான் பேனா பிடிச்சே பத்து வருஷம் ஆச்சு."

"அந்தப் பத்து வருஷத்துக்கும் சேர்த்து இன்னிக்கு எழுதிடு."

எழுதினான். நூறு பாஸ் எழுதியிருப்பான். விரல் வீங்கிவிட்டது. நிமிர்ந்தால் எதிரே ஒரு பெட்டியோடு ஹைமாவதி.

"விசாகப்பட்டினம். ஒண்ணு பத்து விமானம். தம்பி டிக்கெட் எடுத்து அனுப்பிட்டான்."

சூரிபாபு பேனாவைக் கீழே வைத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?"

"சொன்னா கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லாம போயிடும்."

"நிஜமாவே போயிடுச்சு ஹைமா! சத்தியமா! பாரு, எல்லாம் நீலமா கெடக்கு!"

"காலையிலேர்ந்து டி.வி.யில அதான் ஓடுது. உங்க வாயிலேர்ந்து இன்னிக்குத்தான் மொத தடவையா உண்மை வருது. எழுதுங்க."

"எத்தனை நாள்?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா? எனக்குச் சோறு?"

"கோங்குரா பச்சடி ஜாடி நிறைய இருக்கு. குக்கர் மூணு விசில். மீதியைக் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுக்கோங்க."

பின்னால் நின்ற பெரியவர் பொறுமை இழந்தார். "ஏம்மா, குடும்ப விஷயத்தை வீட்டுல பேசிக்கக் கூடாதா?"

"வீட்டுல இவர் நேரா பதில் சொன்னா நான் எதுக்கு சார் வரிசையில நிக்கப்போறேன்?"

பெரியவர் சூரிபாபுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த டிக்கெட்டால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

சூரிபாபு பேர் எழுதினான். சீட் எழுதினான். கேட் என்ற இடத்தில் பேனா நின்றது. விசாகப்பட்டினத்துக்குக் கேட் பதினாறு. ஆனால் பலகை இருட்டு. திரை நீலம். இன்றைக்கு அவன் எழுதினதுதான் சட்டம். முப்பத்தாறு என்று எழுதினான். முப்பத்தாறு அடுத்த கோடியில் இருந்தது. அவள் அங்கே போய் நிற்பாள். இங்கே விமானம் போய்விடும். சாயங்காலம் அவளைச் சமாதானம் செய்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம்.

ஹைமாவதி பாஸை வாங்கிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த பத்து பாஸ் எழுதும்வரை அவனுக்கு உள்ளூரக் குஷி. பதினோராவது பாஸில் கை ஓடவில்லை. அவள் தனியாக விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. பண்டிகைக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அவன் முன்னால் நடந்தானே தவிர, இதுதான் கேட், இங்கேதான் உட்கார வேண்டும் என்று ஒரு நாளும் காட்டியதில்லை. இப்போது அந்தக் கோடியில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பாள். விசாகப்பட்டினத்தில் அவள் அம்மா சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சே, நானும் ஒரு மனுஷனா என்று பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"பாய், அஞ்சு நிமிஷம்!"

"வரிசையைப் பார்த்தியா சூரி? என்னைக் கொன்னுடுவாங்க!"

அவன் அதற்குள் பாதி தூரம் ஓடிவிட்டான். முப்பத்தாறாம் கேட்டில் ஹைமாவதி இல்லை. டெல்லி ஆட்கள் நாலு பேர் தரையில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கப் பதினாறுக்கு ஓடிவந்தான். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றது. போன் போட்டான்.

"எங்க இருக்க ஹைமா?"

"ஜன்னலோரம்."

"கேட்டு... நான் வந்து... அதுல..."

"பொய் சொன்னா உங்க வலது காது சிவக்கும். எழுதினாலும் சிவக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. செக்கிங்குல முன்னாடி நின்ன ஒரு விசாகப்பட்டினத்து அம்மாவோட பாஸைப் பார்த்தேன். பதினாறு."

"முப்பத்தாறு போட்ட பாஸை எப்படி விட்டாங்க?"

"கேட்டாங்க. எழுதினவருக்கு இன்னிக்கு மனசு சரியில்லைன்னு சொன்னேன். பாவம்னு விட்டுட்டாங்க."

சூரிபாபு கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். ஒன்பது வருஷம் வெட்கப்பட்டுச் சொல்லாதது அப்போதுதான் வெளியே வந்தது.

"நீ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியல ஹைமா. அதுக்குத்தான் அத்தனை பொய்யும். வேற ஒண்ணும் இல்ல."



"கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல உங்க கையால எனக்கு எழுதிக் கொடுத்த மொத காகிதம் இது," என்றாள். "அதுல இதை எழுதியிருந்தீங்கன்னா நான் ஏறியே இருக்க மாட்டேன்."

"இறங்கிடு ஹைமா! இப்பவே எழுதித் தரேன்!"

"பெல்ட் போட்டாச்சுங்க. வெச்சிடறேன்."

அன்று காலையிலிருந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பிய விமானம் அது ஒன்றுதான்.