கோட்டை ஸ்டேஷனுக்கு நான் எழுதிய வழிகாட்டி

ஒரு ரயில் நிலையத்துக்குள் கால் வைக்காமலே அதற்கு மூன்று பக்கத்தில் வழிகாட்டி எழுதியவன் நான். எழுதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை நம்பி இரண்டு பேர் பயணமும் போனார்கள்.

சாய்ந்தமருதில் கடல் இருக்கிறது, தெருவுக்கொரு பள்ளிவாசல் இருக்கிறது, பள்ளிவாசலுக்கு இரண்டு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தண்டவாளம் மட்டும் இல்லை. கோச்சியை (ரயிலுக்கு எங்கள் பெயர்) கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மட்டக்களப்புக்குப் போகவேண்டும். கொழும்புக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸிலேயே வருகிற சனம் நாங்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் குடியேற வேண்டும். வீடு அவளுடையது, சோறு மாமி போடுவது. நமக்கென்று அங்கே மிஞ்சுவது வாய் ஒன்றுதான். நான் அந்த வாயைக் கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிப் பாவித்துவிட்டேன்.

ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக எட்டு நாள் கொழும்பில், புறக்கோட்டையில் தங்கியிருந்தவன் நான். (பாடம் புவியியல். இதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.) பின்னேரங்களில் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே நின்று தேத்தண்ணி குடிப்பேன். ஸ்டேஷனுக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் மாமி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த எட்டு நாள் எட்டு வருடமாக வளர்ந்தது. மாமா இறக்காமத்தில் வயல் செய்கிறவர், பயிர் தின்ன வந்த யானைக்கு முன்னால் தீப்பந்தத்தோடு நின்ற மனிதர். அவர்கூடக் கொழும்பைப் பற்றி ஏதும் தெரிய வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்பார். கேட்கக் கேட்க நான் ஊதிப் பெருத்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் சாச்சிக்கு விசா வந்தது. சாச்சி என்றால் மாமியின் ஒரே தங்கை. களுத்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவ. அவுஸ்திரேலியாவிலிருக்கும் மகளோடு போய் நிரந்தரமாகத் தங்கப்போகிறா. ராத்தாவும் தங்கையும் நேரில் பார்த்து ஆறு வருடமாகியிருந்தது. டிக்கட்டோ நாலு நாளில். வீட்டைக் காலி செய்கிற அமளியில் களுத்துறைக்குப் போய்த் தங்க வசதியில்லை. ஆகவே இருவரும் கோட்டை ஸ்டேஷனில் சந்திப்பது என்று முடிவானது. சாச்சி தன் பக்கத்துக் கோச்சியில் வருவா, மாமி மட்டக்களப்புக் கோச்சியில் போவா. பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை இருவரும் ஒன்றாக இருக்கலாம். அதற்குப் பிறகு சாச்சி வேனில் விமான நிலையத்துக்குப் போய்விடுவா.

மாமிக்குப் பஸ் ஏறினால் குமட்டிச் சத்தி வரும், அதனால் கோச்சிதான். மட்டக்களப்பு வரை ஆட்டோவில், துணைக்கு மாமா. இருவருமே அதுவரை கோச்சி ஏறியதில்லை.

“மகன், நீங்களும் வந்தா எனக்குத் தைரியமா இரிக்கும்” என்றா மாமி.

பாடசாலையில் லீவு தரமாட்டார்கள் என்று சொன்னேன். பொய். அதிபரிடம் நான் கேட்கவே இல்லை. போனால் என் எட்டு வருடக் கொழும்பு எட்டு நிமிடத்தில் அம்பலமாகிவிடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பொய்யை மறைக்கத்தான், கவலைப்படாதீங்க, எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன் என்று கொப்பியைக் கிழித்தேன்.

அம்புக்குறி போட்டு, படம் கீறி, சிவப்புப் பேனையால் கோடிட்டு, ஒரு புத்தகமே போட்டேன் என்று சொல்லலாம். கோச்சியால் இறங்கி, மேம்பாலத்தில் ஏறி, இடப்பக்கம் கிறுகி, கடைசிவரை நடந்து, படியால் இறங்கினால் தேத்தண்ணிக் கடை, அதற்குப் பக்கத்தில் வாங்கு, அதில் உட்காரவும். றோட்டில் நின்று கேற்றுக்கு உள்ளே எட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்ட வாங்கு அது. சாச்சிக்கும் வாசல் பக்கத்து வாங்கு என்று சொல்லியாயிற்று.

அத்தோடு விட்டேனா? இல்லையே. கொழும்புக் கள்ளர்களைப் பற்றித் தனியாக ஒரு பக்கம். யாரிடமும் வழி கேட்க வேண்டாம், கேட்டால் ஊருக்குப் புதிது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். போனை நிறுத்திப் பையின் அடியில் வைக்கவும். ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு பெருமை.

போகிற நாள் மாமி ஒரு சட்டித் தயிரை வாழையிலையால் மூடிக் கட்டினா. இறக்காமத்து எருமைத் தயிர். சாச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே அதில் உயிர். விமானத்தில் கொண்டுபோக முடியாது, அதனால் ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்களாம். இரண்டு கரண்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

அன்று பின்னேரம் மூன்றரைக்கு என் மனைவி எனக்குப் போன் எடுத்தாள். சாச்சி வாசல் வாங்கில் காத்திருக்கிறாவாம், உம்மாவையும் வாப்பாவையும் காணவில்லையாம். மாமியின் போன் வேலை செய்யவில்லை, மாமாவிடம் போனே கிடையாது.

“அவங்கட கையில நான் எழுதின பேப்பர் இரிக்கி. நீ ஒண்டுக்கும் பயப்படாத” என்றேன். (இந்த வசனத்தை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.)

அவர்கள் அந்தப் பேப்பரின்படி ஒரு எழுத்துப் பிசகாமல்தான் நடந்திருந்தார்கள். பேப்பர்தான் பிழை. நான் நின்றது றோட்டில், ஸ்டேஷனைப் பார்த்தபடி. கோச்சியில் வருகிறவர்களோ உள்ளேயிருந்து றோட்டைப் பார்த்து வருகிறவர்கள். எனக்கு இடப்பக்கம் அவர்களுக்கு வலப்பக்கம். மேம்பாலத்தில் மற்றப் பக்கம் கிறுகி, வாசலுக்கு நேரெதிராக, கடைசி மேடைக்குப் போய்விட்டார்கள். என் கெட்ட காலம், அங்கேயும் ஒரு தேத்தண்ணிக் கடை, அதற்குப் பக்கத்தில் ஒரு வாங்கு. மருமகன் எழுதியபடியே இருக்கிறது என்று மாமி சந்தோசப்பட்டாவாம்.

ஒரு ஊழியர் வந்து எங்கே போகவேண்டும் என்று விசாரித்திருக்கிறார். மாமி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டா. சாச்சியைக் கூட்டிவந்த அவவின் மகன் ஒலிபெருக்கியில் சொல்லச் செய்திருக்கிறான். மாமா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, உன் பெயர்தான் சொல்கிறார்கள் என்றிருக்கிறார். மாமி விடவில்லை. “அதுக்குக் காது குடுக்க வேணாமெண்டு மருமகன் எழுதியிரிக்காரு” என்று பேப்பரைக் காட்டியிருக்கிறா. யானைக்கு முன்னால் நின்ற மனிதர் பேப்பருக்கு முன்னால் அடங்கிவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. மாமி.

“சாச்சி வரல்ல மகன். அவவுக்கு என்னவோ கரைச்சல் போல. நாங்க நீங்க சொன்ன இடத்திலதான் இரிக்கம்.”

முன்னால் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

“கோச்சி நிக்கிது. அங்கால இன்னொரு கோச்சி நிக்கிது.”

றோட்டு தெரியவில்லையா என்று கேட்டேன். றோட்டு இல்லை என்றா மாமி. அந்த நேரம் சாச்சியின் வேன் புறப்பட்டுப் போயிருந்தது. அழுதழுதுதான் ஏறினாவாம். இரண்டரை மணி நேரம் ஒரே ஸ்டேஷனில் ராத்தா ஒரு அந்தத்தில், தங்கை மறு அந்தத்தில். நடந்தால் ஐந்து நிமிடத் தூரம்.

திரும்பி வந்த மாமி என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். சட்டித் தயிரும் அப்படியே திரும்பி வந்திருந்தது. மேசையில் வைத்து, துணியைப் பிரித்து, ஒரு கரண்டியை என்னிடம் தந்து, “புளிச்சிட்டு, சீனி போட்டுத் தின்னுங்க மகன்” என்றா. தின்றேன். அதிபரிடம் லீவு கேட்காத கதையை அப்போதுதான் சொன்னேன். மாமி, அல்லாட நாட்டம் என்று எழுந்து போய்விட்டா. அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு என்னை இறக்கிவிட்டா என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அக்காவும் தங்கையும் வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் என் பேப்பர்தான் பேச்சு. சாச்சி சிரிப்பா, மாமி சிரிப்பா, நான் அறையைவிட்டு நழுவுவேன். இரண்டாம் வருடம் சாச்சி படுக்கையில் விழுந்தா. ஒருநாள் மெல்லிய குரலில், அந்தப் பேப்பரை ஒருக்காக் காட்டுகா ராத்தா என்றா. மாமி அலுமாரியைத் திறந்து எடுத்தா. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறா என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போனுக்கு முன்னால் விரித்துப் பிடித்தபோது, மாமியின் திரையில் கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் பக்கம் மாறித் தெரிந்தது.

“மகன், இஞ்ச பாருங்க. போனுக்குள்ள உங்கட அம்பு சரியான பக்கம் காட்டுது.”

சாச்சி இருமல் வரும்வரை சிரித்தா. அடுத்த மாதம் மௌத்தாகிவிட்டா. அவுஸ்திரேலியாவிலேயே அடக்கினார்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் யாருக்காவது வழி சொன்னால், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் குறுக்கே விழுவாள். “வாப்பா, றோட்டில நிண்டா, உள்ளுக்க நிண்டா?” வீடே சிரிக்கும், மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். மாமியும் சிரிப்பா. இறக்காமத்திலிருந்து தயிர்ச் சட்டி வருகிற நாட்களில் மட்டும் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை.