சீர்ச் சாமானில் இரண்டு ஹீட் சிங்க்

அக்காவுக்குக் கொடுத்த சீரைத் திருடியவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவள் புகுந்த வீடு இருக்கிற கீழச்சிவல்பட்டியில் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள், அதுவும் நாலு வார்த்தை கூடச் சேர்த்து. திருடியவன் நான், பிடிபட்டவள் அவள். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. காரைக்குடியில் வீட்டில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தேன். செய்துகொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய சாமான்களைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. ஒரு ஆம்ப்ளிஃபயரைச் செய்து முடிக்க ஒரு வாரம் போதும். அதற்கு வேண்டியதைச் சேர்க்க ஒரு வருடம் ஆகும். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் போய் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்கெல்லாம் ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும் தம்பி" என்றார். டிரான்சிஸ்டர்களை ஆன்லைனில் வரவழைத்தேன். வந்த பத்தும் போலி. (போலி என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? சுவிட்சைப் போட்டால் மூக்குக்கே தெரிந்துவிடும்.)

இப்படி அலைந்து, கடைசியில் கோயம்புத்தூரில் காயில் சுற்றுகிற ஒருவரிடம் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரைச் செய்து வாங்கினேன். நடுவில் ஓட்டையோடு பெரிய மெதுவடை போல இருக்கும், நாலு கிலோ. மதுரையில் பழைய இரும்புக் கடைக் குவியலைக் கிளறி இரண்டு ஹீட் சிங்க் எடுத்தேன். டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக்கொள்கிற அலுமினியக் கட்டை அது, ஒரு பக்கம் முழுக்கச் சீப்பு மாதிரி பற்கள் இருக்கும். பெங்களூரிலிருந்து குட்டி டப்பா மாதிரி நீலநிறக் கண்டன்சர்கள் எட்டு வந்தன. எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். தினமும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.

இதற்கெல்லாம் காரணம் சிவகங்கையில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சர். தன் ஹாலுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று கேட்டிருந்தார். சொந்தக்காரர் அல்லாத ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பச்சி ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார்:

"வெளியாளு ஒருத்தர் ஒங்கிட்ட வாங்கட்டும், மாடி ரூமை ஒனக்கே விட்டுர்றேன். இல்லைன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுச் சென்னைக்குப் போயி ஒரு வேலையப் பாரு."

(எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அக்காவை ஆச்சி என்போம். 'ஆச்சிக்குக் கல்யாணம், வந்துவிடு' என்று நான் சொன்னதைக் கேட்டு என் காலேஜ் நண்பன் ஒருவன், 'பாட்டிக்கா, இந்த வயசுலயா?' என்று கேட்டான்.)

ஆமாம், அந்த நேரத்தில்தான் ஆச்சிக்குக் கல்யாணம். எங்களில் சாமான் பரப்புதல் என்று ஒன்று உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம் பண்டம் அத்தனையையும் வீட்டுக்குள் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். வந்தவர்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள். பிறகு எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். போனது போனதுதான். அதைத் திரும்பக் கேட்பதைப் போல அசிங்கம் வேறு கிடையாது.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. என் பெட்டியை யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று ஒரு மார்க்கரை எடுத்து, நானே, என் கையாலேயே, பெரிய எழுத்தில் எழுதினேன்: 'சாமான். பத்திரம்.'

கல்யாண வீட்டில் சாமான் என்றால் என்ன அர்த்தம் என்று மூளை இருக்கிற எவனுக்கும் தெரிந்திருக்கும்.

நான் விருந்தாளிகளை அழைத்துவர மதுரை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் சித்தப்பா சாமான் பரப்பி முடித்திருந்தார். இட்லிக் கொப்பரைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் என் ஹீட் சிங்க் இரண்டும் ஜோடியாக நின்றன. டம்ளர் வரிசைக்குப் பக்கத்தில் கண்டன்சர்கள் உயரவாரியாக. கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சித்தப்பா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா அங்கே வந்து நின்றார். ஹீட் சிங்க்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன, தட்டு அடுக்குற ஸ்டாண்டா? நல்ல கனமா இருக்கு."

"ஆமா, இப்ப வந்திருக்கிற மாடலு" என்றார் சித்தப்பா. அவருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனால் சம்பந்தி அம்மாள் கேட்டுத் தெரியாது என்று சொல்கிற குடும்பமா நாங்கள்?

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, 'அது என் பெட்டி, மாறிப் போய்விட்டது' என்றால் எல்லோரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் என் ஒரு வருட அலைச்சல் லாரி ஏறிக் கீழச்சிவல்பட்டிக்குப் போனது.

பத்து நாள் கழித்து ஆச்சியை வீட்டுக்கு அழைத்துவர நான் போக வேண்டும். அதற்கு முதல் நாள் போன் செய்தேன்.

"ஆச்சி, அந்த வட்டமா, கனமா ஒண்ணு இருக்குமே, பத்திரமா இருக்கா?"

"பால் சட்டி மூடி மேல இருக்குடா. இத வச்சதுல இருந்து பூனை கிட்டயே வரலை. அத்தைக்கு ஒரே சந்தோசம்."

"சீப்பு மாதிரி ரெண்டு?"

"அதுலதான் தட்டெல்லாம் நிக்க வச்சிருக்காக."

"நீல டப்பா?"

"ஒங்க அத்தான் ரெண்டு நாளா மூடியத் தெறக்கப் பாத்துக்கிட்டு இருக்காக."

டீச்சருக்குக் கொடுத்த வாக்குக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. விஷயத்தைச் சொன்னேன். முதலில் அந்த வட்டத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடச் சொன்னேன்.

"கேட்டே வாங்கிக்கலாம்லடா" என்றாள்.

"சீரைத் திரும்பக் கேட்டாகன்னு ஊரெல்லாம் பேசும் ஆச்சி. வேணாம்."

சரி என்றாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைக் கேட்டு அடி வாங்கியவள் அவள்.

மறுநாள் காலையில் போனேன். ஆச்சி ஒரு ஜவுளிக்கடைப் பையோடு தயாராக நின்றாள். பைக்கு மேலே பட்டுச்சேலை, அடியில் நாலு கிலோ. காப்பி குடித்துக் கிளம்புகிற நேரத்தில் அடுப்படியிலிருந்து அவளுடைய மாமியாரின் குரல் வந்தது.

"பூனை பாலக் குடிச்சுட்டுப் போயிருச்சு. மேல வச்சிருந்த பாரத்தைக் காணோம், யாரு எடுத்தீக?"

வீடே தேட ஆரம்பித்தது. நானும் தேடினேன். அண்டாவுக்குப் பின்னால் குனிந்து, அலமாரிக்கு அடியில் எட்டிப் பார்த்து, "இங்குட்டு இல்லையே" என்று வேறு சொன்னேன். அந்த நடிப்புக்காக எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது பையின் காது அறுந்தது. தொம் என்று விழுந்த டிரான்ஸ்ஃபார்மர் எழுந்து நின்று, முற்றத்தைச் சுற்றி உருண்டுபோய், மாமியாரின் காலடியில் சாய்ந்து படுத்தது. வட்டமாகச் செய்தால் இரைச்சல் குறையும் என்று நான்தான் கோயம்புத்தூர்க்காரரிடம் சொல்லியிருந்தேன்.

"இது ஏன்த்தா ஒன் பையில இருக்கு?" மாமியார் மெதுவாகத்தான் கேட்டார்.

"நாந்தான் எடுத்து வச்சேன் அத்தை" என்றாள் ஆச்சி. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் பத்து நாள் ஆன பெண், அத்தனை பேருக்கு நடுவில், முகம் சிவந்து நின்றாள். என் மேலேயே எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை.

"ஆச்சி மேல தப்பில்லை அத்தை. நாந்தான் எடுத்தாரச் சொன்னேன்" என்றேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கோயம்புத்தூர், மதுரை, பெங்களூர், டீச்சர், மாடி ரூம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நடுவில் எத்தனை வாட்ஸ் என்பதையும் சொன்னேனாம். (இது அத்தான் பிறகு சொல்லித் தெரிந்தது.)

மாமியார் முழுவதையும் கேட்டார். "அப்ப அது தட்டு ஸ்டாண்டு இல்லையா?"

"இல்லை அத்தை."

"பரப்புன அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"பயந்துட்டேன்."

"பயந்தது நீயி. பேரு கெட இருந்தது எங்க வீட்டுப் பொண்ணுக்கு."

எங்கள் வீட்டுப் பெண் என்று அவர் சொன்னதைக் கேட்டு ஆச்சி நிமிர்ந்தாள். எனக்குத் திட்டு வாங்கியது போலவே இல்லை.

"இங்க பாரு தம்பி, பரப்புன சாமான் பொறந்த வீட்டுக்குத் திரும்பாது. அதுல மாத்தமில்லை" என்றார் மாமியார். எனக்குச் சென்னை ரயில் கண்ணில் தெரிந்தது. "ஆனா இங்கேருந்து சிவகங்கைக்குப் போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. நீ இங்கனயே ஒக்காந்து செய்யி. முடிச்சு நேரா அங்குட்டுக் கொண்டுபோ."

நீதிமன்றத்தில்கூட இப்படி ஒரு தீர்ப்பைக் கேட்க முடியாது. ஆறு நாள் அந்த வீட்டில் உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். முதல் நாளே அவருக்கு ஒரு நிஜமான தட்டு ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தேன். (கனம் பத்தவில்லை என்றார்.) முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது வந்த உறுமலில், கிரைண்டரை யார் நிறுத்தாமல் போனது என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனார். எர்த் வயரை மாற்றிக் கட்டியதும் உறுமல் நின்று பாட்டு மட்டும் வந்தது. மாமியார் தட்டைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். அந்தப் பாட்டு முடிகிறவரை போகவில்லை.

டீச்சர் ஹாலில் அது இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. அப்பச்சி மாடி ரூம் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் மேலே போய்ச் சன்னல்களை எல்லாம் திறந்தேன், அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை வேறு எதோடும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்கு நாச்சியாபுரத்தில் பெண் எடுத்தார்கள். கல்யாணத்தன்று பரப்பிய சாமான் வரிசையைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு வெள்ளித்தட்டில், வெற்றிலைக்கு மேலே, சந்தனம் குங்குமத்தோடு ஒரு ஹீட் சிங்க்.

"ஒங்க பக்கத்து வழக்கமாம்ல மாப்பிள்ளை" என்றார் மாமனார், கொஞ்சம் கவலையோடு. "ஒங்க ஆச்சியோட மாமியார் சொன்னாக. அது இல்லாமப் பரப்பக் கூடாதாம். ஒண்ணு போதுமா, ரெண்டு வக்கணுமா?"

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் மிகுந்த அக்கறையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் இரண்டு கல்யாணங்களில் ஹீட் சிங்க் வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்பாரில்லை.

சாமான்களை எடுத்து வைக்கும்போது என் மனைவி அந்தத் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"எங்கயும் கிடைக்கலை. நாந்தான் நாலு நாள் தேடிப் புடிச்சேன். அளவு சரியா இருக்கா?"

கம்ப்யூட்டருக்குள் வைக்கிற, உள்ளங்கை அகலத் துண்டு அது. நான் செய்கிற எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் காணாது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்றேன்.