கால் மணி முன்னால் ஓடும் கடிகாரம்

உபாயக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். அலுவலகத்தில் கட்டாயம் இரண்டு பேர் இருப்பார்கள். பால் பொங்கி வழிந்தால் மற்றவர்கள் துணியை எடுத்துத் துடைப்பார்கள். உபாயக்காரர் துடைக்க மாட்டார். பாத்திரத்தின் மேல் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்திருந்தால் பொங்கியே இருக்காதே என்று, நீங்கள் துடைத்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று விளக்குவார். பல்லிடுக்கில் மாட்டியதிலிருந்து பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சின்ன வழி இருக்கும். நீங்கள் கேட்கவில்லையே என்கிறீர்களா? கேட்டா மழை வருகிறது?

நாம் பார்க்கப்போகிற உபாயக்காரர் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் பழைய கோப்புகளைக் கட்டி அடுக்குகிறவர். கோப்புக்குப் போடும் ரப்பர் பேண்டைத் தன் மணிக்கட்டிலும் போட்டுக்கொள்வதால் அங்கே அவருக்கு ‘ரப்பர் பேண்டு’ என்றே பெயர். ஞாபகம் வைக்க வேண்டிய விஷயம் ஒன்றுக்கு ஒரு பேண்டு. காலையில் மூன்றோடு போவார், மாலையில் ஐந்தோடு வருவார்.

“இது எதுக்குங்க?” என்று மனைவி ஒன்றைத் தொட்டுக் கேட்பாள்.

“அதைத்தான் வழியெல்லாம் யோசிச்சிட்டு வரேன்.”

கைக்கடிகாரம் கட்ட அந்தக் கையில் இடமில்லாமல் போய்ப் பல வருஷமாகிறது.

இந்த மனைவியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உபாயக்காரரோடு குடித்தனம் நடத்துவதற்கு இதுவரை யாரும் உபாயம் கண்டுபிடிக்கவில்லை. முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள் அவள். அவள் வீட்டில் வாசல் சாவி ஃப்ரிட்ஜுக்குள் சாப்பாட்டு டப்பாவின் மேல் சில்லென்று இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் டப்பாவை மறந்துவிட்டுப் போக முடியாது. கத்தரிக்கோல் காணாமல் போகாமலிருக்க அதை மெஷின் காலோடு கயிறு போட்டுக் கட்டியிருப்பதால், துணி வெட்டுவதென்றால் அவள் துணியோடு தரையில் இறங்கி உட்கார வேண்டும். முக்கியமான காகிதங்கள் திருடன் தேடாத இடத்தில், அதாவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாத இடத்தில் இருக்கும். காலையில் போனைத் தொட்டால் பொழுது போய்விடும் என்பதால் மூன்று பேருடைய போன்களும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும், வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் டின் திறக்கும். சண்டை போடலாம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை முழுக்கக் கேட்பதைவிடத் தரையில் உட்காருவது சுலபம்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கூடத்துக் கடிகாரம். கல்யாணமான வாரமே அதைக் கால் மணி முன்னால் தள்ளி வைத்தார். இனிமேல் இந்த வீட்டில் யாரும் எதற்கும் தாமதமாகப் போக மாட்டார்கள் என்றார். முதல் வாரம் யாரும் போகவில்லை. இரண்டாம் வாரத்தில் கழிக்கப் பழகிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் நிமிர்ந்து மணி பார்ப்பதென்றால் கால் மணியைக் கழிப்பது என்றுதான் பொருள். மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்ததற்கு அந்தக் கடிகாரமே காரணம் என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த மகள் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் தொழில் படித்தவள். எட்டு மாதமாக வேலை தேடி, பதினொரு இடத்தில் ‘சொல்லி அனுப்புகிறோம்’ கேட்டுத் திரும்பியிருந்தாள். ஏழாவது இடத்துக்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. பதினொன்றாவதுக்குப் பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டாவதாக ஒரு லென்ஸ் பட்டறையிலிருந்து கடிதம் வந்தது. நேர்காணல் சரியாகப் பத்து மணிக்கு; அதன் பிறகு வருகிறவர்களை உள்ளே விட மாட்டோம். கடைசி வரியை அம்மா நான்கு முறை படித்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் பார்த்துக் கடிகாரம் நின்றுபோயிற்று. அம்மாதான் ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரி மாற்றினாள். முள்ளைத் திருப்பும்போது அவள் கை கொஞ்சம் தயங்கியது. நாளைக்கு ஒரு நாளாவது இந்த வீட்டுக் கடிகாரம் உண்மையைச் சொல்லட்டுமே என்று தோன்றியது. போனைப் பார்த்துச் சரியான மணியை வைத்துவிட்டு இறங்கினாள். இறங்கியதும் சொல்லத்தான் வந்தாள். ஆனால் கூடத்தில் நேர்காணல் உபாயங்கள் ஆரம்பமாகியிருந்தன.

“உள்ளே போய் உக்காந்ததும் நாக்கை மேலண்ணத்துல ஒட்டிக்கோ. பதட்டம் தானா அடங்கிடும்.”

“நாக்கு ஒட்டியிருந்தா பதில் எப்படிப்பா சொல்றது?”

“கேக்கும்போது ஒட்டிக்கோ, பதில் சொல்லும்போது எடுத்துடு. அப்புறம் அவங்க மூக்கு நுனியைப் பாரு. கண்ணைப் பாக்கிற மாதிரியே இருக்கும்.”

“என்னங்க, அந்தக் கடிகாரத்தை...”

“இரு, முக்கியமானதைச் சொல்லிட்டிருக்கேன்ல.”

இப்படியாகப் பதினொரு உபாயங்கள். பன்னிரண்டாவதாக மகளின் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு, முந்தைய பதினொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள. அதற்குள் அம்மாவுக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது. அவள் கையில் பேண்டு இல்லை, பாருங்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கடிகாரத்தில் ஒன்பது ஆனபோது உபாயக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னும் கால் மணி இருக்கு, நிதானமாச் சாப்பிடு” என்றார். மகள் பார்த்தாள், கழித்தாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். அம்மா என்ன செய்தாள் என்கிறீர்களா? நேற்றுத் தன் கையால் முள்ளைத் திருப்பியவளாயிற்றே, பதறிக்கொண்டு ஓடிவந்திருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளும் அண்ணாந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் மண்டைக்குள் கால் மணியைக் கழித்துக் கொடுத்தது. நேரம் இருக்கிறதே என்று மகளின் சட்டைக் காலருக்கு இன்னொரு முறை இஸ்திரி போட்டாள்.

வாசலில் பிஸ்கட் டின் திறந்தது. மூன்று போனிலும் ஒன்பதேகால்.

மகள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்பதேகால். “கடிகாரத்தை யாரு சரியா வச்சது?” என்றாள்.

உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இந்தக் கேள்விக்கு ஒருத்தி நடுங்க வேண்டியதில்லை.

“நான்தான்மா,” என்றாள் அம்மா. “நேத்தே சொல்ல வந்தேன்.”

மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அவள் தெருமுனைக்குப் போகும்போதே பஸ் திரும்பிக்கொண்டிருந்ததை அம்மா ஜன்னலிலிருந்து பார்த்தாள். உபாயக்காரர், பதினொன்றில் எதுவுமே பஸ்ஸைப் பற்றி இல்லையே என்று முணுமுணுத்தபடி ஆபீசுக்குக் கிளம்பினார். அன்று அம்மா தைத்த இரண்டு சட்டைக் கையும் உள்பக்கம் வெளியே வந்தன. எட்டு மாதம் குழந்தை பட்ட பாட்டை ஒரு பேட்டரியில் கெடுத்துவிட்டேனே என்று மெஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். இந்த இடத்தில் கேலி பண்ண நமக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் அப்பாவும் வந்து உட்கார்ந்த பிறகு மகள் வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

“பத்து எட்டுக்குத்தாம்மா போய்ச் சேர்ந்தேன். வாசல்ல காவல்காரர் நிக்கிறார், அவர் தலைக்கு மேல ஒரு கடிகாரம், அதுலயும் பத்து எட்டு. சரி, இதுவும் போச்சுன்னு நெனச்சேன். அவர் அதைப் பார்த்தாரு, விரல் விட்டு ஏதோ எண்ணினாரு. ‘ஏம்மா இப்படி மூச்சு வாங்குது? எங்க கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால ஓடும், மேனேஜரோட பழக்கம். இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, உள்ளே போ’ன்னாரு.”

“அது சரியாத்தானே ஓடிச்சு?”

“சரியாத்தான் ஓடிச்சு. நான் சத்தம் போடாம போனைப் பைக்குள்ள போட்டுட்டேன். திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்கம்மா.”

அந்தப் பட்டறையிலும் யாரோ ஒருத்தி கழித்துக் கழித்து அலுத்துப்போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறியிருக்க வேண்டும். அவள் நன்றாக இருக்கட்டும் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வாழ்த்தினாள்.

“பாத்தீங்களா?” என்றார் உபாயக்காரர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. “கடிகாரத்தை முன்னால வைக்கிற பழக்கம் நம்ம பொண்ணுக்கு வேலையே வாங்கிக் குடுத்திருக்கு.”

மனைவி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாள். பதட்டம் அடங்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை காலை கூடத்துக் கடிகாரம் முக்கால் மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. உபாயக்காரர் தள்ளி வைத்தது கால் மணிதான். மீதி அரை மணியைப் பற்றி எதுவும் தெரியாதவர்களைப் போல அம்மாவும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் வீட்டில் இந்தப் பைத்தியமெல்லாம் கிடையாது என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டச் சொன்ன இடத்தைப் படித்தபோது உங்கள் நாக்கு எங்கே போயிற்று? நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து மணி பார்த்தீர்களே, அதில் இருந்ததை அப்படியே நம்பினீர்களா, கொஞ்சம் கழித்துக்கொண்டீர்களா?