மூக்காண்டிக்குப் பாக்கி ஏழு ஊசி

சாயங்காலம் மேடையேற வேண்டிய பாத்திரக்கடை ராமசுப்புவின் வலது காதுக்குள் காலையிலேயே ஒரு வண்டு புகுந்துவிட்டது.

மனைவி சுந்தரம்மாள் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாள். வண்டு இன்னும் உள்ளே போனது. ராமசுப்பு தீக்குச்சியை விட்டுக் கிண்டினார். குச்சி முறிந்து, பாதி காதோடு தங்கிவிட்டது.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோ ஒரு கல்யாணத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்தார்.

"தர்மாஸ்பத்திரிக்குத்தான் போவணும்" என்றாள் சுந்தரம்மாள்.

"அங்கனயா? நானா?"

அவர் பதறக் காரணம் இருந்தது. அன்று வாசகசாலையில் விவாத மேடை. 'ஏழைகளுக்கு இலவச வைத்தியம்: அவசியமா, வீண்செலவா?' வீண்செலவு என்று பேசப்போகிறவர் ராமசுப்பு. அவசியம் என்பவர் பிரபுதாஸ் வாத்தியார். பத்து வருஷமாக டீக்கடையில் தினமும் நடக்கிற சண்டைதான். இன்றைக்கு மைக் செட்டோடு நடக்கப்போகிறது.

வண்டு மறுபடியும் குடைந்தது. ராமசுப்பு துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டார். "பேரு?"

சொந்தப் பெயரைச் சொல்ல முடியுமா? கடையில் சரக்கு இறக்கும் ஆளின் பெயர்தான் வாயில் வந்தது.

"மூக்காண்டி."

"ஊரு?"

"கரிவலம்."

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஏசுவடியாள் கூப்பிட்டாள். "கரிவலம் மூக்காண்டி! நாய் கடிச்சவருதான?"

வண்டு இரைச்சலில் பாதிதான் கேட்டது. "ஆமா, ஆமா. சீக்கிரம் பாருங்கம்மா, தாங்க முடியல."

"சட்டையத் தூக்கிட்டுப் படும்."

காதுக்கு எதற்குச் சட்டை என்று யோசித்துக்கொண்டே படுத்தார். முழ நீளத்தில் ஓர் ஊசி தொப்புளைப் பார்த்து வந்தது.

"பதினாலுல ஏழுதான் போட்டிருக்கு. ரெண்டு நாளா ஏன் வரல? வெறி புடிச்சிச் செத்தே போவீரு. மொதலாளி லீவு தரமாட்டாருன்னு மத்த நர்சுகிட்ட அழுதீராமே. அந்த மனுசங்கிட்ட நான் வந்து பேசட்டா?"

இது முழுசாகக் கேட்டது. ராமசுப்பு கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினார்.

"நான் மூக்காண்டி இல்லம்மா! நான்தான் அந்த மொதலாளி!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. துண்டு எப்போதோ கீழே விழுந்திருந்தது.

முந்தாநாள்தான் மூக்காண்டி தலையைச் சொறிந்துகொண்டு ஒரு மணி நேரம் லீவு கேட்டான். "ஓசின்னா தெனமும் போயி ஒக்காந்துருவியளோ? போய்ச் சரக்க எறக்குவே!" என்று விரட்டியிருந்தார். எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் இடுக்கி வைத்து வண்டையும் குச்சியையும் எடுத்துப் போட்டார். ராமசுப்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளை மிதித்து நேரே கடைக்குப் போனார். மூக்காண்டியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊசி இறங்கும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"பாக்கி நாளும் நானே கூட்டிட்டு வாரேன்வே" என்றார். மூக்காண்டிக்கு ஊசியைவிட இதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் வாசகசாலை நிரம்பி வழிந்தது. முதலில் பேச ராமசுப்புவை அழைத்தார்கள். எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"வீண்செலவுன்னு பேச வந்தேன். என்னால முடியாது" என்று தொடங்கி, துண்டிலிருந்து தொப்புள் வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "அங்கன ஓசியில ஊசி இல்லன்னா என் கடையில ஒரு உசுரு போயிருக்கும். நான் இன்னைக்கே வாத்தியார் பக்கம் சேந்துட்டேன்!"

கைதட்டல் ஓயவில்லை. ராமசுப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரபுதாஸ் வாத்தியாரைப் பார்த்தார். அவர் தான் எழுதி வந்த தாள்களை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார்.

மைக்கைச் சரிசெய்ய வந்த முகம்மது ஹுசைன் குனிந்து சொன்னான்:

"கெடுத்துட்டியளே அண்ணாச்சி! பத்து வருசமா நீங்க சொன்னதக் கேட்டு மனசு மாறி, சாரும் வீண்செலவுன்னுல்லா எழுதிட்டு வந்திருக்காரு!"