மாப்பிள்ளைக் கிளை

வெறும் தரையைப் பார்த்தால் அங்கே ஒரு மரம் நிற்பதாகவும், அதன் நிழலில் நான் சாய்ந்து கிடப்பதாகவும் எனக்குத் தோன்றிவிடும். குழி வெட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, பூச்சிக்கு மருந்தடிப்பது போன்ற சில்லறை வேலைகள் எதுவும் அந்தக் கனவில் வராது. நேராக நிழல்தான். இந்த வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு என்றாலும், கல்யாணத்துக்குப் பிறகுதான் முற்றியது.

கல்யாணம் ஆன புதிதில் நானும் கோமதியும் கொட்டிவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தோம். தரமணி ஆபீஸுக்குப் பக்கம், கடல் காற்று, அமைதி என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜக் காரணம் வேறு. மேற்கு மாம்பலத்தில் என் மாமனாருக்குச் சொந்த வீடு உண்டு. (திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, பாத்திரக்கடை வைத்து, செங்கல் செங்கல்லாகக் கட்டிய வீடு. சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம், கேட்காவிட்டாலும் சொல்வார்.) நிச்சயதார்த்தத்தன்றே, "மாடி சும்மாத்தான கெடக்கு மாப்ளே, அங்கயே இருந்துக்கிடலாம்லா?" என்றார். வீட்டோட மாப்பிள்ளையா? நானா? "அதெல்லாம் சரிப்பட்டு வராது மாமா" என்று மீசையைத் தடவிக்கொண்டே சொன்னேன். மீசை அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது.

 ஆனால் பாவம், கோமதிக்குத் தூக்கம் போய்விட்டது. மாம்பலத்து வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு மாமரம். அவள் படுக்கும் அறையின் ஜன்னலை அது உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவள்.

"இங்கயும்தான் கடல் சத்தம் இருக்கே" என்றேன்.

"அதக் கேட்டா வாசல்ல தண்ணி லாரி வந்து நிக்குற மாதிரி இருக்குங்க. குடத்தத் தூக்கிட்டு ஓடணும் போலயே இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மாம்பலம் போய்விடுவாள். முதலில் சனிக்கிழமை திரும்பினாள். பிறகு ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் நேராக அங்கிருந்தே வேலைக்குப் போகவும் ஆரம்பித்துவிட்டாள். இப்படியே போனால் அந்த மாடி போர்ஷன் என்னையும் விழுங்கிவிடும். அவள் மரத்தைத் தேடிப் போகாமல் இருக்க ஒரே வழி, மரம் அவளைத் தேடி வருவதுதான்.

"உன் மரத்த இங்க கொண்டு வந்துடுறேன்" என்றேன்.

"பிடுங்கிட்டா?"

"ஒட்டுக் கட்டி."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேனே, அவ்வளவுதான். மொட்டை மாடியில் ஒரு நீல டிரம், டிரம்மில் மாமரம், மரத்தில் ஊஞ்சல், ஊஞ்சலில் கோமதி. டிரம்மில் வளரும் மரத்தில் ஊஞ்சல் கட்ட முடியுமா என்று கேட்கக்கூடாது. கனவில் கட்டியாகிவிட்டது.

முதலில் மாமனார் மரத்திலிருந்து குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறிக் கொண்டுவந்தேன். நர்சரியில் வாங்கிய கன்றுகளின் தலையைச் சீவி, குச்சியைச் செருகி, டேப் சுற்றி, பிளாஸ்டிக் கவரும் மாட்டினேன். போனில் பார்த்த வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள். அவர்களுக்குத் துளிர்த்தது. எனக்கு வற்றல் ஆனது. ஒன்று விடாமல் எல்லாக் குச்சியும் காய்ந்து, தொட்டால் கடகடவென்று உதிர்ந்தது. எங்களைப் பார்க்க வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "ஓமத்துக்கு ஆகும், எடுத்து வைங்க மாப்ளே" என்றார்.

அப்புறம்தான் இன்னொரு முறை இருப்பதைக் கண்டுபிடித்தேன். இதில் குச்சியை வெட்டிக் கொண்டுவர வேண்டாம். கன்றைத் தொட்டியோடு மரத்திடம் கொண்டுபோக வேண்டும். கன்றின் தண்டில் கொஞ்சம் பட்டையைச் சீவி, மரத்தின் கிளையிலும் அதேபோல் சீவி, இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இரண்டும் ஒட்டிப்போக இரண்டு மூன்று மாதம் ஆகும். அப்புறம் இரண்டே வெட்டு. கட்டுக்கு மேலே கன்றின் தலையை வெட்ட வேண்டும். கட்டுக்குக் கீழே கிளையை மரத்திலிருந்து வெட்ட வேண்டும். நம்முடைய வேர், அவர்களுடைய மரம். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

கன்று தயாராக இருந்தது. குடும்பத் தலைவனாக நான் வாங்கிய முதல் மாம்பழத்தின் கொட்டையிலிருந்து முளைத்தது. "சக்கர சார், சக்கர" என்று வண்டிக்காரர் சத்தியம் செய்து கொடுத்த பழம், பழுத்த பிறகும் பல் கூசும்படி புளித்தது. அந்த ஆத்திரத்தில் கொட்டையைப் பால்கனித் தொட்டியில் வீசினேன். அது ரோஷத்தோடு வளர்ந்து நின்றது.

மாம்பலத்து மாடியில், கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரு கிளை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஜன்னலின் சன்ஷேடு. தொட்டியை அங்கே இறக்கி, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டி, கன்றையும் கிளையையும் சேர்த்து டேப் சுற்றினேன்.

மாமனார் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "என்ன மாப்ளே, மரத்துக்கு அடிகிடி பட்டுட்டா? கட்டுப் போட்டுருக்கீய."

"ஒட்டு மாமா. உங்க மரம் எங்க வீட்டுக்கு வரப்போவுது."

"வாடக வீட்டுக்கா?" என்றார்.  அந்த ஒரு கேள்விக்காகவே இந்த ஒட்டு பிடித்தாக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை என்னால் மறக்க முடியாது. ஒட்டைப் பார்க்கப் போகிறேன் என்று காலையிலேயே கிளம்பிவிடுவேன். டேப்பைத் தொட்டுப் பார்க்க அரை நிமிஷம். மாமியார் கையால் சொதிக் குழம்பும் இஞ்சித் துவையலும் சாப்பிட ஒரு மணி நேரம். மீதி நாளெல்லாம் அந்தக் காலி மாடி அறையில் பாய் விரித்துப் படுத்திருப்பேன். ஜன்னலில் இலைகள் உரசும். வெயில் பச்சையாக வடிந்து வந்து தரையில் அசையும். தூரத்தில் ரயில் போகிற சத்தம் வந்து, தேய்ந்து, போய்விடும். கோமதி பக்கத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவாக்கத்து மாடியில் மரம் காய்ப்பதாகக் கனவு காண்பேன். என்ன சுகம் தெரியுமா! (வீட்டோட மாப்பிள்ளை ஆகாமல் இருப்பதற்காக வாரம் முழுக்க யோசித்துவிட்டு, ஞாயிறு முழுக்க அந்த வீட்டிலேயே படுத்துக் கிடக்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை.)

ஒட்டுப் பிடித்தது. சத்தியமாகப் பிடித்தது. இரண்டு தண்டும் ஒன்றாகப் பருத்து, பிரித்தே பார்க்க முடியாதபடி ஆகிவிட்டன. வெட்டுகிற நாளை விழாவாக்கிவிட்டார்கள். மாமியார் பாயசம் வைத்தார். மாமனார் கடையிலிருந்து ஒரு புதுப் பித்தளைக் குடம் கொண்டுவந்து, "மரத்துக்குத் தண்ணி ஊத்த" என்று கோமதியிடம் கொடுத்தார். கொடுத்தபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மகள் இனி வெள்ளிக்கிழமைகளில் வரமாட்டாள் என்று அவருக்கும் தெரியும்.

சன்ஷேடில் இறங்க இடமில்லை. ஆகவே கைப்பிடிச் சுவரில் குப்புறப் படுத்து, தலை வெளியே தொங்க, கோமதி என் கால்களைப் பிடித்துக்கொள்ள, கத்தரியோடு இறங்கினேன். மேலே கன்று, கீழே கிளை என்று மந்திரம்போல் சொல்லிக்கொண்டேன். ஆனால் தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு எது மேலே, எது கீழே? என் தலைக்கு மேலே தொட்டி இருந்தது. காலுக்குக் கீழே வானம் இருந்தது. ரத்தமெல்லாம் மூஞ்சிக்கு வந்து காதில் ரயில் ஓடியது.

முதல் வெட்டு. செம்புநிறக் கொழுந்தோடு ஒரு கொத்து இலை கீழே விழுந்தது.

"ஐயோ, நம்ம மரத்துக் கொழுந்துல்லா இது?" என்று மாமியார் கீழே பதறுவது கேட்டது.

"அப்படித்தான் அத்தை விழணும்" என்றேன் அந்தரத்திலிருந்து.

இரண்டாவது வெட்டு. தொட்டி விடுபட்டது. கயிற்றோடு அதை மேலே தூக்கி, என்னையும் மேலே இழுத்து, வெற்றியோடு தரையில் வைத்தோம். மாமனார் மாடிக்கு வந்து, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாப்ளே, மரம் எங்க?"

நான் பார்த்தேன். தொட்டியில் மண் இருந்தது. மண்ணில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி நின்றது. "வேர் இருக்கு மாமா" என்றேன்.

"வேர் சரி. மரம்?"

கையை நீட்டிக் காட்டினேன். கைப்பிடிச் சுவருக்கு வெளியே, அவருடைய மரத்தின் கிளை நுனியில், என் புளிப்புக் கன்றின் தலை உட்கார்ந்திருந்தது. நாலைந்து இலையை ஆட்டிக்கொண்டு, பிறந்த வீடு அதுதான் என்பதுபோல் சௌகரியமாக இருந்தது. இரண்டு வெட்டையும் மாற்றி வெட்டியிருந்தேன். அவர் மரத்தை என் வேரில் ஏற்றுவதற்குப் பதிலாக, என் வேரை நானே அறுத்துவிட்டு, என் செடியை அவர் மரத்தில் ஏற்றிவிட்டேன்.

யாராவது திட்டியிருந்தால் தேவலை. மாமியார் பாயசத்தைக் கிளறப் போய்விட்டார். கோமதி மட்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டு, "நான் டிரம்ல மண்ணெல்லாம் போட்டு வச்சுட்டேனே" என்றாள், மெதுவாக. 

சாயங்காலம் ஆட்டோவில் கிளம்பினோம். என் மடியில் தொட்டி, அவள் மடியில் பித்தளைக் குடம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார் அது?"

"மாமரம்."

"தொட்டி கீது, மண்ணு கீது. மரம் எங்க கீது?"

 அடையாறு பாலம் தாண்டியதும் கடல் காற்று அடித்தது. கோமதி குடத்தின் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். இன்று ராத்திரியும் அந்தத் தண்ணீர் லாரி வரும். அவள் முழித்துக்கொண்டு கிடப்பாள், நான் மீசையைத் தடவிக்கொண்டு கிடப்பேன். என்ன பெரிய மீசை!

"அண்ணே, வண்டியத் திருப்புங்க" என்றேன்.

"இன்னா சார், வூட்டுக்குப் போவலியா?"

"வீட்டுக்குத்தான். மேற்கு மாம்பலம்."

கோமதி கண்ணைத் திறக்கவில்லை. என் சட்டையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஒட்டுக் கட்டும்வரை தற்காலிகமாக என்றுதான் மாடிக்குக் குடிபோனோம். அடுத்த ஒட்டை நான் கட்டவில்லை. எங்கள் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த ஜன்னலோரம்தான் தூங்குகிறாள். பித்தளைக் குடத்தில் குடிதண்ணீர் பிடித்து வைக்கிறோம். தொட்டிக் குச்சி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

மேலே உட்கார்ந்தது மட்டும் ஜோராக வளர்ந்தது. தடித்து, கிளை விட்டு, பூத்து, காய்க்கவும் காய்த்தது. மரம் முழுக்கத் தேனாக இனிக்கும். அந்த ஒரு கிளை மட்டும் பழுத்தும் பல் கூசும். பச்சடிக்கு அதுதான் வாகு என்பது மாமியாரின் கட்சி. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் முதலில் பின்பக்கம் அழைத்துப் போய் அதைக் காட்டிவிடுவார். "வெளியூர்ச் சரக்கு. வேர வெட்டிட்டு வந்து இங்க ஒட்டிக்கிட்டு. மாப்ளக் கிளைன்னு பேரு" என்பார். விருந்தாளிகள் கிளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் காபி கொண்டுவரப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால், மின்சாரக் கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க ஆட்கள் வந்தார்கள். முதலில் அரிவாளை நீட்டியதே அந்தக் கிளைக்குத்தான். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். விட்டது சனியன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் எச்சில் கையோடு பின்பக்கம் ஓடிவந்தார்.

"இந்தா, அதுல கை வைக்காதீய. வேற எதை வேணாலும் வெட்டிக்கிடுங்க."

"காய் புளிக்கும்னு நீங்களேதான சார் சொன்னீங்க?" என்றார் மரத்திலிருந்தவர்.

"புளிச்சா புளிக்கட்டும். அது எங்க வீட்டு மாப்ள."