சந்தனம் பூசிய கார்டு

திவாலாகிப் போனவனுக்குக் காசு சேர்கிறதோ இல்லையோ, பயம் நிறையச் சேரும். எனக்குச் சேர்ந்த பயத்தை வட்டிக்கு விட்டிருந்தால், இந்நேரம் கிள்ளானில் இரண்டு கடைவீடு வாங்கியிருப்பேன்.

கடன் வாங்கி மூன்று பள்ளி வேன் ஓட்டினேன். வேன்கள் படுத்தன, கூடவே நானும் படுத்தேன். திவால் பட்டியலில் ஏறிய பெயர் இறங்குவதற்குள் தலைமுடி பாதி போயிற்று. மனைவி செல்வியின் நகைகளில் இரண்டு வளையல்தான் மிச்சம். (அதை ஒரு நாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.)

விடுவிப்புக் கடிதம் வந்த பிறகும் வங்கிகள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிரிக்பீல்ட்ஸில் நான் உறுப்பினராக இருந்த கூட்டுறவுச் சங்கம்தான் மனமிரங்கியது. என் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) சேமிப்பைப் பிணையாக வைத்துக்கொண்டு, அதே ஆயிரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு தந்தார்கள். அதை அப்படியே வீட்டுச் சாமி மேடைக்குக் கொண்டுபோய் முருகன் படத்தின் முன் வைத்தேன். புது வண்டிக்கு வைப்பதுபோல் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பொட்டு. ஒரு வருஷம் அதில் ஒரு காசு செலவழிக்கவில்லை. 'இப்படி ஒரு உத்தமனா' என்று சங்கத்தில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மகள் யாழினிக்கு ஷா ஆலமில் கல்லூரி கிடைத்தது. லேப்டாப் வேண்டும், மூவாயிரம் வெள்ளி. செல்வி வளையலைக் கழற்றத் தொடங்கினாள்.

"கழட்டாத! நாளைக்கே லிமிட்ட ஏத்திக் காட்டறேன். ஒரு வருஷமா கார்டத் தொடவே இல்ல, குடுக்காம எங்க போயிடுவாங்க?"

மறுநாள் மூவரும் சங்கத்துக்குப் போனோம். கவுண்டரில் ரேவதி என்ற பெண் கார்டை வாங்கி மெஷினில் செருகினாள். மெஷின் கத்தியது. எடுத்து மறுபடி செருகினாள். மறுபடி கத்தியது. வெளியே இழுத்தபோது மெஷினின் வாயெல்லாம் மஞ்சளும் சிவப்பும்.

"அங்கிள், சிப்புல என்ன இது?"

"சந்தனம்மா."

வரிசையில் பின்னால் நின்றவர் விட்டாரா? "பாஸ், தேங்காயும் உடைச்சாச்சா?" மொத்த வரிசையும் சிரித்தது. யாழினி என் மகளே இல்லை என்பதுபோல் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தாள்.

காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுரண்டி, வேறு மெஷினில் போட்டபின் ரேவதி திரையைப் பார்த்தாள். "நீங்க கார்ட யூஸ் பண்ணவே இல்லையே, அங்கிள்?"

"ஆமாம்மா!" நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அப்ப லிமிட் ஏத்த முடியாது லா. வாங்கினா ஒழுங்கா கட்டுவீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? மாசாமாசம் சின்னதா ஏதாச்சும் வாங்குங்க. பில் வந்ததும் முழுசா கட்டிடுங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

கடன் வாங்கிக் கெட்டவன் வாங்காமலே நல்லவனாகிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். ஒரு வருஷம் நான் காத்தது ஒழுக்கமில்லை, வெறும் பயம். அதற்குத்தான் வாராவாரம் பொட்டு வைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் செல்வி சாலையைக் கடந்து அடகுக் கடைக்குள் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. "மூஞ்சிய நேரா வைங்க, புள்ள பாக்குது," என்றாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாளே கார்டு சாமி மேடையிலிருந்து இறங்கிவிட்டது. மாதம் ஒரு முறை வெங்காயம், எண்ணெய், அரிசி. பில் வந்த அன்றே கட்டினேன். லோரி ஓட்டும் வேலையில் கிடைத்த ஓவர்டைம் காசைச் சேர்த்து, ஆறு மாதக் கெடு முடிவதற்குள் வளையலையும் மீட்டேன். அதே வாரம் ரேவதி லிமிட்டை மூவாயிரமாக ஏற்றிக் கொடுத்தாள். கொடுக்கும் முன் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

இன்றைக்கும் எந்தக் கடையில் நான் கார்டை நீட்டினாலும் யாழினி விடமாட்டாள். "அப்பா, தொடச்சாச்சா?" கல்லாவில் இருப்பவர் ஒன்றும் புரியாமல் விழிப்பார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்போது அவள் கையில் வளையல் குலுங்கும். அந்தச் சத்தத்துக்காகவே, சுத்தமான கார்டைச் சட்டையில் இன்னொரு முறை துடைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.