பல்லடம் போன பதினோரு குழந்தைகள்

பதினோரு குழந்தைகளை ஒரே வேனில் ஏற்றி, ஊர் தாண்டி அனுப்பி, யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்தவள் நான். (போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். அத்தனை பேரும் இப்போது சௌக்கியமாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.) கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என் வாழ்க்கையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் நல்ல எண்ணத்தால்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலம்பாளையம் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் மாணவர் நலப் பொறுப்பாளராகச் சேர்ந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் நான்கு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் ஆடிட் வேலை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் சோதனைக்கு வருகிற அன்று கம்பெனியைப் பளிச்சென்று காட்டுவதுதான் என் உத்தியோகம். காலி முதலுதவிப் பெட்டியை நிரப்புவேன். எல்லார் மூக்கிலும் மாஸ்க் மாட்டுவேன். "ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு "இல்லீங்க" சொல்ல வேண்டும் என்று டெய்லர் அக்காக்களுக்கு வகுப்பே எடுப்பேன். எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே குழந்தை கண்ணில் படவே கூடாது. யாராவது ஒரு அக்கா லீவு நாளில் பிள்ளையைக் கூட்டிவந்து கேட் பக்கம் நிறுத்தினால்கூட, 'குழந்தைத் தொழிலாளி' என்று எழுதிவிடுவார்களே என்று ஓடிப்போய் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

இந்தக் கல்லூரியிலோ எங்கே திரும்பினாலும் குழந்தை. படிக்க வருபவர்களில் பாதிப் பேர் கம்பெனியில் வேலை பார்க்கிற அம்மாக்கள். காலையில் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் ஷிப்ட். அவர்களை ஏற்றிவர ஒரு வேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஐந்து தொட்டிலோடு ஒரு அறை, ஒரு ஆயாம்மா. கல்லூரியே அரசாங்க நிதியில்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தொட்டில் அறையும் வேனும் மட்டும் பிரின்சிபால் சார் மனசு இளகி ரகசியமாக நடத்துகிற திருட்டு வேலை என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். (யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான்கு வருட அனுபவம் ஆயிற்றே!)

ஷகிலாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மங்கலத்துக்காரி. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். இவள் செக்கிங் வேலை; தைத்த பனியனில் ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குவது. குவாலிட்டி படிப்புக்கு இரண்டு தடவை சேர்ந்து, குழந்தையை விட இடமில்லாமல் இரண்டு தடவையும் நின்றுபோனவள். மூன்றாவது தடவை பரீட்சை வரை வந்துவிட்டாள். "இந்த ரூம் இல்லாட்டி நான் இந்தப் பக்கமே எட்டிப் பாத்திருக்க மாட்டேனுங்க அக்கா" என்பாள். மகள் ஆயிஷாவுக்கு ஒன்றரை வயது.

ஒருநாள் பிரின்சிபால் சார் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"அம்மிணி, சென்னையில இருந்து ஆய்வுக்கு வர்றாங்க. அடுத்த வருசம் நமக்கு நிதி உண்டா இல்லையான்னு இதுலதான் இருக்குது. நிதி நின்னா எல்லாமே நின்னு போயிரும். நீங்கதான் இதுல பழக்கப்பட்டவுங்க, பாத்துக்கோங்க."

"கவலையே படாதீங்க சார்" என்றேன். கடிதத்தில் 'ஆய்வு' என்ற வார்த்தை வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் எதற்கு?

ஆய்வு நாள் காலையில் சென்னையிலிருந்து வரும் மேடத்தை அழைத்துவர சார் ரயிலடிக்குப் போனார். நான் களத்தில் இறங்கினேன். நாற்பது பேருக்கு அனுமதி உள்ள வகுப்பில் எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அளவுக்கு மேல் ஆள்! என் கணக்கில் இது பெரிய குற்றம். முப்பது பேரை எழுப்பி, ஆளுக்கொரு குழந்தையும் கையுமாக வேனில் அடைத்தேன். (குழந்தை கிடைக்காதவர்கள் கையில் தொட்டில் துணி.) டிரைவர் முத்தண்ணன் தலையைச் சொறிந்தார்.

"எங்கீங்க கொண்டுபோறது?"

"எங்கியாச்சும் கண்ணுல படாத எடமாப் போங்கண்ணா. நான் போன் பண்ணறேன்."

யாருமே ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் பனியன் கம்பெனி ஆட்கள் அல்லவா? 'ஆடிட்' என்றதும் அவர்களாகவே மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மிச்சம் இருந்த நாற்பது பேருக்கும் 'ஒரு சிரமமும் இல்லீங்க' சொல்ல வகுப்பு எடுத்து, நன்றாகப் பேசுவாள் என்று ஷகிலாவை முன் பெஞ்சில் உட்காரவைத்தேன். ஆயிஷா ஒரு தோழியின் இடுப்பில் ஏறிப் போனாள். தொட்டில்களைக் கழற்றி, அறையை பினாயில் ஊற்றிக் கழுவி, பெயின்டரை வைத்துக் கதவில் எனாமல் பெயின்டில் 'ஸ்டோர் ரூம்' என்று எழுதவும் வைத்தேன். எழுத்து அம்சமாக வந்திருந்தது.

மேடம் வந்தார். கண்ணாடியும் கனத்த ஃபைலுமாக அமைதியான மனுஷி.

"குழந்தைகள் காப்பகம் எங்கேம்மா?"

"அப்படி ஒண்ணுமே இங்க கிடையாதுங்க மேடம்" என்றேன் பெருமையாக. "எங்க காம்பவுண்டுக்குள்ள ஒரு குழந்தையைக்கூட நீங்க பாக்க முடியாதுங்க."

சாருக்கு இருமல் வந்தது. மேடம் எழுதிக்கொண்டார்.

"மாணவிகளுக்கு வேன்?"

"வேனே இல்லீங்க மேடம்."

சார் இன்னும் பலமாக இருமினார். கண்ணை உருட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

வகுப்பில் மேடம் ஒவ்வொருவராக "படிக்க வர்றதுல சிரமம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நாற்பது பேரும் அட்சரம் பிசகாமல் "ஒரு சிரமமும் இல்லீங்க மேடம்" என்றார்கள். நான் சொல்லிக்கொடுத்த அதே முகம், அதே குரல். மேடம் பேனாவை மூடினார்.

"ரொம்ப நல்லதுங்க சார். வேனுக்கும் காப்பகத்துக்கும் தொடர்ந்து நிதி தேவையான்னு பார்க்கத்தான் நான் வந்தேன். ரெண்டுமே இல்ல, யாருக்கும் சிரமமும் இல்ல. தேவையில்லைன்னு எழுதிட்டேன்."

சாரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவி, கடிதத்தில் இன்னும் இரண்டு வரி படித்திருக்கக் கூடாதா!

அப்போதுதான் ஷகிலா எழுந்தாள். கையில் ஒரு பால் பாட்டில்.

"மேடம், மன்னிச்சுக்கோங்க. எம் புள்ளையோட பாட்டில் எம் பையிலயே தங்கிப்போச்சுதுங்க. அவ வேன்ல போயிருக்கறா. இந்நேரத்துக்குப் பசிக்குமுங்க." பாட்டிலை உயர்த்திக் காட்டினாள். "அந்த ரூம்புல தொட்டில் இருக்குதுங்க மேடம். அது இல்லீன்னா நான் மறுபடியும் நின்னு போயிருவேனுங்க. அக்காதான் சொல்லச் சொன்னாங்க."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போகத் தயாராக நின்றேன். பிளக்கவில்லை. முத்தண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம்.

"எங்கண்ணா இருக்கறீங்க?"

"பல்லடத்துல நம்ம மச்சான் ஊட்டுக் காதுகுத்துங்க. மண்டபத்துல யாரு வந்து தேடப் போறாங்க? ரெண்டாம் பந்தி நடக்குது. புள்ளைங்களுக்கு இப்பத்தான் பருப்புஞ்சோறு ஊட்டிட்டு இருக்கறாங்க."

முக்கால் மணி நேரம் கழித்து வேன் வந்து நின்றது. முப்பது பேர் இறங்கினார்கள், ஆளுக்கொரு தாம்பூலப் பையோடு. பதினோரு குழந்தைகளும் நெற்றியில் சந்தனம், வாயில் லட்டு. ஆயிஷா பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடம் ஒவ்வொரு தலையாக எண்ணிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவங்கதான் உங்க ஸ்டோர் ரூம் சரக்காம்மா?"

எனக்கு அழுகை பீறிட்டு வந்துவிட்டது. கம்பெனியில் நான்கு வருடம், மூன்று வாரம் முன்பு சேர்ந்தது, எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திக்கொண்டே கொட்டினேன். மேடம் முதலில் உதட்டைக் கடித்தார். அப்புறம் முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எழுதின பக்கத்தை அடித்துவிட்டு, வகுப்பைப் பார்த்து, "சரி, இப்போ நிஜத்தைச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். ஃபேன் ஓடாதது, கக்கூசுக்குக் கதவு இல்லாதது, வேனில் நின்றுகொண்டே வருவது என்று எழுபது பேரும் பிடித்துக்கொண்டார்கள். மேடம் எழுதி எழுதிக் கையை உதறினார்.

நான் மூலையில் நின்று தேம்பிக்கொண்டிருந்தேன். ஷகிலாதான் வந்து கையைப் பிடித்தாள். "அழுவாதீங்க அக்கா. நாங்களும் ஆடிட்டுன்னுதானுங்க நெனச்சோம்."

காப்பகத்துக்கும் வேனுக்கும் நிதி தொடர்ந்தது. கக்கூசுக்குக் கதவுகூட வந்தது. ஃபேன்தான் இன்னும் ஓடவில்லை. ஷகிலா அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணி இன்று ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜ். ஆடிட் வந்தால் எனக்குப் போன் போட்டு, "வேன் கிடைக்குமுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

அந்த எனாமல் பெயின்ட் மட்டும் போகவே இல்லை. சுரண்டினோம், மேலே வேறு பெயின்ட் அடித்தோம், மறுபடியும் எட்டிப் பார்க்கிறது. கடைசியில் சார், "உட்டுருங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்து என் மகள் பிறந்து, அதே அறையில், அதே தொட்டிலில்தான் வளர்ந்தாள். போன வருடம் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை அவளிடம், "இதுக்கு முன்னாடி எங்க கண்ணு இருந்தே?" என்று பாசமாகக் கேட்டார்.

என் மகள் கையைக் கட்டிக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்: "ஸ்டோர் ரூம்லீங்க மிஸ்."